பள்ளி நிர்வாகக் குழு: தீர்மான நோட்டிலிருந்து பத்தாண்டுத் திட்டம் வரை

உங்கள் பள்ளியின் தீர்மான நோட்டை எடுத்து வையுங்கள். கடைசி நான்கு கூட்டங்களின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில், அது எந்த ஆண்டைப் பற்றிய முடிவு என்று பென்சிலால் குறியுங்கள். ஆண்டு விழா சிறப்பு விருந்தினர், யூனிஃபார்ம் துணி, வேன் டிரைவருக்கு அட்வான்ஸ் எல்லாம் நடப்பு ஆண்டுக் கணக்கு. பத்தில் எட்டு அப்படி இருந்தால், உங்கள் குழு அலுவலக மேனேஜரின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. குழுவின் வேலையை யாரும் செய்யவில்லை.

இந்த நோட்டுக்கு வெளியிலும் இரண்டு வாசகர்கள் உண்டு. ஒன்று, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளி இருக்கும் இடம், வசதிகள், நிர்வாக, பராமரிப்புச் செலவு ஆகியவற்றோடு ‘வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி’யையும் அது கணக்கில் எடுக்கும். இரண்டாவது, வருமான வரித் துறை. உபரியை ஏன் செலவழிக்காமல் சேர்த்தீர்கள் என்று அது கேட்கும். ‘எங்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது’ என்று வாயால் சொல்வதை இரண்டு இடத்திலும் யாரும் ஏற்க மாட்டார்கள்; தேதியும் தொகையும் போட்ட தீர்மானம் வேண்டும். ஆகவே நீண்டகாலத் திட்டம் என்பது பளபள காகிதத்தில் அச்சடித்த ‘விஷன்’ புத்தகம் இல்லை. தீர்மான நோட்டில் ஏறாத திட்டத்தைத் திட்டமாகவே எண்ண வேண்டாம்.

முதலில் பத்திரம்

சென்னைப் பள்ளிகள் பெரும்பாலும் பொது அறக்கட்டளையாகவோ, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சொசைட்டியாகவோ நடக்கின்றன. இரண்டுக்கும் விதி வேறு. பொது அறக்கட்டளைக்கென்று தமிழ்நாட்டில் தனிப் பொதுச் சட்டம் கிடையாது. ட்ரஸ்ட் டீடில் (அறக்கட்டளைப் பத்திரத்தில்) எழுதியிருப்பதுதான் வேதவாக்கு. அதில் திருத்தம் செய்யும் பிரிவையே எழுதாமல் விட்டிருந்தால், சின்ன மாற்றத்துக்குக்கூட நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம். சொசைட்டியில் குழுவுக்குக் குறைந்தது 3 பேர் வேண்டும், பதவிக் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுப்பினர் மாறினால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும்.

பத்திரத்தைப் படிக்கும்போது ஆறு கேள்விக்குப் பதில் தேடி ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள்) எத்தனை பேர்? கூட்ட நோட்டீஸ் எத்தனை நாள் முன்பு? பதவிக் காலம் எவ்வளவு? ஒருவர் இறந்தாலோ விலகினாலோ இடத்தை நிரப்புவது யார்? வங்கியில் யார் யார் கையெழுத்து? பத்திரத்தைத் திருத்த எத்தனை பேர் சம்மதம்? இந்தத் தாள் ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் முன்னால் இருக்கட்டும்.

இதில் வரும் கோளாறு எப்போதும் ஒரே மாதிரிதான். பத்து வருடம் தேர்தலே நடத்தாமல், பழைய பட்டியலையே புதுத் தேதி போட்டுத் தாக்கல் செய்துகொண்டிருப்பார்கள். நிறுவனர் காலமான ஆறாவது மாதம் இரண்டு அணிகள் பதிவாளரிடம் இரண்டு பட்டியல் கொடுக்கும். தகராறு கடிதம் வந்ததும் வங்கி கணக்கை நிறுத்தி வைக்கும், மாதச் சம்பளம் நிற்கும். பணம் இருந்தும் கொடுக்க முடியாத நிலை. ஒழுங்காக நோட்டீஸ் கொடுத்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி நடத்திய ஒரு சாதாரணப் பொதுக்குழு போதும், இந்த வழக்கில் பாதி இல்லாமல் போகும்.

இன்னொரு குழப்பம்: ட்ரஸ்ட் குழு வேறு, பள்ளிக் குழு வேறு. 2018ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2023இல் வந்த அதன் விதிகளும் பள்ளிக்கெனத் தனிக் குழுவைக் கேட்கின்றன. இரண்டு குழுவுக்கும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள். ஆசிரியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை நீதிமன்றம் போனால், எந்தக் குழு எந்த அதிகாரத்தில் முடிவெடுத்தது என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி.

யார் உட்கார வேண்டும்

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 7 முதல் 9 பேர் போதும். ஐந்துக்குக் குறைந்தால் இரண்டு பேர் வராத நாளில் கோரம் தட்டும். பதினைந்து பேர் என்றால் பேசுவது நான்கு பேர்தான், மற்றவர்கள் காபிக்கு வந்தவர்கள். கணக்கு தெரிந்தவர் ஒருவர் (பள்ளியின் ஆடிட்டர் கூடாது, தன் கணக்கைத் தானே பார்த்ததாகிவிடும்), கட்டட இன்ஜினியர் ஒருவர், வேறு பள்ளியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வேலைச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவர், குழந்தைகள் மருத்துவரோ மனநல ஆலோசகரோ ஒருவர், 45 வயதுக்குட்பட்டவர் ஒருவராவது. கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எழுபது வயதுக்காரர்கள் ஏழு பேர் உட்கார்ந்து பத்தாண்டுத் திட்டம் போட்டால், அதைச் செயல்படுத்துபவர் அந்த அறையில் இல்லை என்று அர்த்தம்.

குடும்ப ட்ரஸ்ட்களில் அப்பா தலைவர், மகன் தாளாளர், மருமகள் முதல்வர் என்று இருப்பது ஊரறிந்த நடைமுறை. அதில் சட்டப்படித் தவறில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்காவது வெளியாட்கள் வேண்டும் என்பது எங்கள் கறாரான கருத்து. குடும்பத்துக்குள் ஒருவர் இன்னொருவரின் செலவைக் கேள்வி கேட்க மாட்டார். வருமான வரித் துறை கேட்கும். ட்ரஸ்டிக்கும் அவரது உறவினருக்கும் சம்பளமோ வாடகையோ சந்தை மதிப்புக்கு மேல் போனால் வரிவிலக்கே ஆட்டம் காணும். எனவே ட்ரஸ்டியின் இடத்தில் பள்ளி வாடகைக்கு இருந்தால், அதே தெருவில் இரண்டு ஒப்பீட்டு வாடகை ஒப்பந்தங்களின் நகல், ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கை, சம்பந்தப்பட்டவர் வெளியே போனபின் எடுத்த தீர்மானம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கூடவே ஒரு ‘நலன் பதிவேடு’: ஒவ்வொரு ஜூனிலும் ஒவ்வொருவரும் தனக்கும் தன் வீட்டாருக்கும் பள்ளியோடு இருக்கும் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கேன்டீன், புத்தக சப்ளை, வேன் காண்ட்ராக்ட் எல்லாம் இதில் வரும்.

தற்போது பிள்ளை படிக்கும் பெற்றோரை ட்ரஸ்டியாகச் சேர்ப்பதைத் தவிர்க்கலாம். கட்டணம் பற்றிப் பேசும்போது அவரால் நடுநிலையாக இருக்க முடியாது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. போக்குவரத்துக் குழு, பாதுகாப்புக் குழு போன்றவற்றில் அவர்களைத் தாராளமாகச் சேருங்கள்.

எந்த முடிவு யாருடையது

தாளாளருக்கும் முதல்வருக்கும் நடக்கும் சண்டையில் பாதி குணத்தால் வருவதில்லை, கோடு போடாததால் வருகிறது. அதிகாரப் பட்டியல் ஒன்றைத் தீர்மானமாகப் போடுங்கள். ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் வரவுசெலவுள்ள பள்ளிக்குத் தொடக்கமாக இப்படி வைக்கலாம்: ஒரு பொருளுக்கு ₹25,000 வரை முதல்வர், ₹2,00,000 வரை தாளாளர், மூன்று விலைப்புள்ளியோடு, அதற்கு மேல் குழு. பட்ஜெட்டில் இல்லாத செலவு எவ்வளவு சின்னதானாலும் பொருளாளரின் கையெழுத்தோடு. காசோலைக்கும் நெட் பேங்கிங்குக்கும் இரண்டு பேர் ஒப்புதல். டோக்கனையும் பாஸ்வேர்டையும் ஒரே கிளார்க்கின் மேசை டிராயரில் வைத்துவிட்டு ‘இரட்டைக் கையெழுத்து’ என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் நிறைய.

பட்டியல் போட்ட அடுத்த மாதமே ஒரு தந்திரம் தலைகாட்டும். ஐந்தரை லட்ச ரூபாய் பெயின்டிங் வேலை, தலா ₹1,85,000க்கு மூன்று பில்லாகப் பிரிந்து வரும். ‘ஒரே வேலை, ஒரே காண்ட்ராக்டர், 90 நாளுக்குள் வந்தால் ஒரே செலவாகக் கொள்ளப்படும்’ என்ற வரியைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பாடவேளை அட்டவணை, எந்த ஆசிரியர் எந்த வகுப்பு, மாணவர் ஒழுங்கு ஆகியவை முதல்வருடையவை. குழு உறுப்பினர் நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போய் வேலை சொல்லக் கூடாது. பார்க்க வேண்டுமானால் முதல்வரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். சீட் சிபாரிசு தனி விஷயம். விஜயதசமி தொடங்கி ஜூன் வரை சென்னையில் ஒரு ட்ரஸ்டியின் போன் ஓயாது. ‘சிபாரிசு எல்லாம் எழுத்தில், முதல்வருக்கு மட்டும், சிபாரிசுப் பதிவேட்டில் பெயரோடு’ என்று ஒரு விதி போட்டால் போன் தானாகக் குறையும், பெயர் பதிவாவதை யாரும் விரும்ப மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி நன்கொடை வாங்கிச் சேர்ப்பது குற்றம், வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்குவரை அபராதம். சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடமும் சிபாரிசு எல்லைக்குள் வராது.

கூட்டம்

ஆண்டுக்கு நான்கு கூட்டம், சென்னையின் பள்ளி நாட்காட்டிக்கு ஏற்ப. ஜூன் மூன்றாம் வாரம்: சேர்க்கை எண்ணிக்கை தெரிந்துவிடும். செப்டம்பர்: தணிக்கை அறிக்கை, பருவமழைக்கு முந்தைய கட்டடப் பார்வை. டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி முதல் வாரம்: அடுத்த ஆண்டு பட்ஜெட், சம்பளம், சேர்க்கை இலக்கு. ஏப்ரல்: பொதுத்தேர்வு முடிந்தபின், ஆண்டு நிறைவுக் கணக்கு. மார்ச்சில் வைக்காதீர்கள், முதல்வர் உடலால் இருப்பார், மனம் தேர்வு மையத்தில் இருக்கும்.

காகிதங்கள் ஏழு நாள் முன்பு போக வேண்டும், 12 பக்கத்துக்கு மிகாமல். மேசையில் வைத்துக் கொடுக்கும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: நலன் அறிவிப்பு 5 நிமிடம், முந்தைய தீர்மானங்களின் நிலை 10, எண்கள் (மாணவர் எண்ணிக்கை, கட்டண வசூல், வங்கி இருப்பு, ஆசிரியர் காலியிடம்) 15, குழந்தைப் பாதுகாப்பு, சான்றிதழ் காலாவதி 15, ஒரே ஒரு பெரிய கேள்வி 60, தீர்மானங்களை வாசித்துச் சரிபார்த்தல் 15. பெரிய கேள்வியைக் கடைசியில் வைத்தால் அது எப்போதும் ‘அடுத்த கூட்டத்தில்’ ஆகிவிடும். கேன்டீன் வாடகையில் முக்கால் மணி நேரம் போவதற்குக் காரணம், அதில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருப்பதுதான்.

தீர்மானம் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக நோட்டில் காண்பது:

‘பழைய கட்டடம் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது.’

யார் செய்வது, எப்போது, எந்தப் பணத்தில் என்று இதில் ஒன்றுமே இல்லை. இப்படி எழுதுங்கள்:

‘தீர்மானம் 7. 1988இல் கட்டிய பி பிளாக்கின் தூண்களையும் உத்தரங்களையும் சோதிக்க, பொருளாளர் மூன்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களிடம் விலைப்புள்ளி பெற்று, ஆகஸ்ட் 31க்குள் சோதனையை முடிக்க வேண்டும். உச்சவரம்பு ₹1,80,000, கட்டடப் பராமரிப்புத் தலைப்பிலிருந்து. அறிக்கை செப்டம்பர் கூட்டத்தில் வைக்கப்படும். ஆதரவு 6, எதிர்ப்பு 1. எதிர்த்தவர் மொட்டை மாடி ஒழுகலையும் இத்துடன் சேர்க்க வேண்டும் எனக் கருதினார்.’

எதிர்ப்பைப் பதிவு செய்யத் தயங்காதீர்கள். நோட்டில் எப்போதும் ‘ஏகமனதாக’ என்றே இருந்தால், படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டையே பயன்படுத்துங்கள். கணினியில் அடித்தால் தாளை ஒட்டி, பாதிக் கையெழுத்து ஒட்டிய தாளிலும் பாதி நோட்டிலும் விழுமாறு போடுங்கள். வெற்றிடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ‘ஓகே’ சொல்லி எடுத்த முடிவை, பத்திரம் அனுமதித்தாலும் அனுமதிக்காவிட்டாலும், அடுத்த கூட்டத்தில் வைத்து நோட்டில் ஏற்றுங்கள். கட்டை விரல் படத்தைக் கோரம் என்று எந்தப் பதிவாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சான்றிதழும் பாதுகாப்பும்

ஒரு சுவர்ப் பலகையில் எழுதி வைக்க வேண்டியவை: அங்கீகாரம், கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் வழங்கும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, ஒவ்வொரு பேருந்தின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் உரிமம், வருமான வரிப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி வேறு வேறு. காலாவதிக்கு 90 நாள் முன்பே புதுப்பிக்கும் வேலை தொடங்கட்டும். அங்கீகாரப் புதுப்பிப்புக்கு மற்ற சான்றுகள் நடப்பில் இருக்க வேண்டும், ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும். அறக்கட்டளைகளின் வரிவிலக்குப் பதிவு, வருமானத்தைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். முடிய 6 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இல்லாமல் அவசரத்தில் எழுப்பிய மேல்மாடி, பத்து வருடம் கழித்து அங்கீகாரக் கோப்பில் வந்து நிற்கும்.

இந்தச் சான்றுகளை வெறும் காகிதமாக நினைப்பவர்களுக்கு: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகே தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. பேருந்தின் தரைத் தகட்டை ஆண்டுக்கு இருமுறை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதைக் குழு உறுப்பினர் ஒருவரின் பெயரில் எழுதிவையுங்கள்.

பாலியல் புகாரில் குழுக்கள் செய்யும் பெரிய தவறு, ‘முதலில் நாம் விசாரிப்போம்’ என்பது. போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்த யாரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பதும் தவறு; குற்றம் சாட்டப்பட்டவரை ராஜினாமா செய்யச் சொல்லி அனுப்பிவிடுவது இன்னொரு பள்ளிக்கு ஆபத்தை அனுப்பி வைப்பதாகும். புகார் வந்த அன்றே தெரிவிப்பது முதல்வரின் கடமை, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். பத்து ஊழியரோ அதற்கு மேலோ இருந்தால் பணியிடப் பாலியல் தொல்லைக்கான உள்புகார் குழுவும் வேண்டும்: தலைவர் மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளி உறுப்பினர் ஒருவர்.

பத்தாண்டுத் திட்டம்: எல்.கே.ஜி.யிலிருந்து

திட்டத்தின் முதல் தாள் தலைகளை எண்ணுவது. ஒரு வரிசைக்கு ஒரு வகுப்பு, ஒரு நெடுவரிசைக்கு ஓர் ஆண்டு. கடைசி எட்டு ஆண்டுகளின் செப்டம்பர் 30ஆம் தேதி எண்ணிக்கையை நிரப்புங்கள். பிறகு மூலைவாட்டில் படியுங்கள்: 2018இல் எல்.கே.ஜி.யில் சேர்ந்தவர்கள் 2019இல் யு.கே.ஜி., 2020இல் ஒன்றாம் வகுப்பு என்று. பிள்ளைகள் எந்த வகுப்பில் கழன்றுகொள்கிறார்கள் என்பது அப்போது தெரியும். ஐந்தாம் வகுப்புக்குப் பின் வேறு பாடத்திட்டத்துக்குப் போகிறார்களா, பதினொன்றில் நீட், ஜேஇஇ பயிற்சி உள்ள பள்ளிக்குப் போகிறார்களா? காரணத்தை டி.சி. வாங்க வரும்போதே மூன்று கேள்வியில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பிறகு எதிர்காலம். தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள்) 2020இன் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 1.4. மயிலாப்பூர், மாம்பலம் போன்ற பழைய பகுதிகளில் இளம் குடும்பங்கள் வாடகை தாளாமல் ஓ.எம்.ஆர்., பெரும்பாக்கம், போரூர்ப் பக்கம் நகர்வதும் இதோடு சேர்கிறது. எல்.கே.ஜி. ஆண்டுக்கு ஆறு பிள்ளைகள் குறைந்தால் யாருக்கும் உறைக்காது. 120, 114, 108, 102, 96. ஐந்தாம் ஆண்டில் பள்ளியில் மொத்தம் 60 பிள்ளைகள் குறைவு (6+12+18+24). தலைக்கு ₹50,000 என்றால் ஆண்டுக்கு 30 லட்சம். செலவோ அப்படியே நிற்கும்: நான்கு பிரிவில் 30 பேராக இருந்தது 24 பேரானால் டீச்சர் எண்ணிக்கை குறையாது, கரண்ட் பில் குறையாது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாவது இப்படித்தான். ‘எல்.கே.ஜி. 100க்குக் கீழே போனால் மூன்று பிரிவு, தலா 33 பேருக்கு மிகாமல். மிஞ்சும் ஆசிரியர் தொடக்கப் பள்ளி காலியிடத்துக்கு’ என்று இன்றே தீர்மானமாக எழுதிவிட்டால், அன்று யாரையும் அழவைத்து அனுப்ப வேண்டியிருக்காது. மெட்ரோ இரண்டாம் கட்டம் முடியும்போது மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் தடங்களில் உங்கள் பேருந்து வழிகள் எது தேவை, எது தேவையில்லை என்பதையும் இதே தாளில் ஒரு வரியாகப் பாருங்கள்.

இரண்டாம் தாள் கட்டணம். கட்டணக் குழு நிர்ணயிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுக்குக் கட்டுப்படுத்தும். ஆகவே உங்கள் திட்டக் காலமும் மூன்றின் மடங்கில் போகட்டும். ஒன்பது ஆண்டு என்றாலும் பாதகமில்லை. இங்கே பலரும் தங்கள் கையாலேயே தங்களைக் கட்டிப்போட்டுக்கொள்கிறார்கள். சம்பளத்தின் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கில் குறைத்துக் காட்டியிருப்பார்கள். கட்டணக் குழு கணக்கைப் பார்த்து ‘உங்கள் செலவு இவ்வளவுதானே’ என்று அதற்கேற்ப நிர்ணயித்துவிடும். அடுத்த மூன்றாண்டும் அந்தப் பொய்யை வைத்தே குடித்தனம் நடத்த வேண்டும். சம்பளம் முழுதும் வங்கி வழியே, பி.எஃப். உட்பட, பராமரிப்புக்கு ஜிஎஸ்டி பில், வரும் மூன்றாண்டுத் தேவைக்குத் தேதியிட்ட தீர்மான நகல். விண்ணப்பத்தோடு போக வேண்டியவை இவை.

மூன்றாம் தாள் கட்டடமும் பொருளும். கடற்கரைப் பக்கப் பள்ளிகளில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் கம்பியைத் தின்னும். தூணில் நீளவாக்கில் விரிசல், பூச்சு உப்பிக் கொட்டுதல், துருக்கறை தெரிந்தால் மேலே பூசி மறைக்காதீர்கள். உள்ளே கம்பி உப்பித்தான் வெளியே வெடித்திருக்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் ஒலி கேட்கும். பிறகு ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனை, தேவையானால் கோர் (கான்கிரீட்டில் துளைத்தெடுக்கும் துண்டு) எடுத்துப் பார்ப்பது.

சொத்துப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்: இன்று புதிதாக வாங்க என்ன விலை, இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வரும் ஆண்டுச் சேமிப்பு. உதாரணத்துக்கு, 30 லட்ச ரூபாய்ப் பேருந்து 12 ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம்; பத்துப் பேருந்துக்கு 25 லட்சம். மொட்டை மாடித் தட்டு ஓடு, மின் வயரிங், போர்வெல் மோட்டார், கணினி லேப், குடிநீர் ஆர்.ஓ. எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை முதல் தடவை பார்ப்பவர்களை மலைக்க வைக்கும். அந்தச் செலவு ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; கணக்கில் எழுதவில்லை, அவ்வளவே.

சேர்க்கும்போது வரி விதியைப் பார்க்க வேண்டும். வரிவிலக்குப் பெற்ற ட்ரஸ்ட், வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சேர்க்க, உரிய படிவத்தைக் காலத்துக்குள் தாக்கல் செய்து, 5 ஆண்டுக்குள் செலவிட்டுத் தீர்க்க வேண்டும், பணம் சட்டம் அனுமதித்த முதலீட்டில்தான் இருக்க வேண்டும். படிவத்தில் ‘கல்வி வளர்ச்சிக்கு’ என்று பொதுவாக எழுதினால் சிக்கல். ‘சி பிளாக்கில் ஆறு வகுப்பறை, இரண்டு ஆய்வகம், தீர்மானம் 11’ என்று எழுதினால் நிற்கும். நல்ல தீர்மானம் காசாகும் இடம் இது.

நான்காம் தாள் ஆட்கள். எல்லா ஆசிரியரின் பிறந்த ஆண்டையும் ஒரு வரிசையில் போட்டுப் பாருங்கள். எந்த இரண்டு வருடத்தில் கணக்கு, இயற்பியல் ஆசிரியர்கள் மொத்தமாக ஓய்வு பெறுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். அடுத்தது பணிக்கொடை. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து ₹30,000, 20 ஆண்டு பணி என்றால்: 30,000 × 15 ÷ 26 × 20, சுமார் ₹3,46,000. இப்படி எட்டுப் பேர் இரண்டு வருடத்தில் போனால் 27 லட்சத்துக்கு மேல். இதற்குக் குழுக் காப்பீட்டுத் திட்டம் போடாத பள்ளிகள், வரும் பிள்ளைகளின் கட்டணத்தில் போனவர்களின் கடனை அடைக்கின்றன. முதல்வருக்கும் தாளாளருக்கும் அடுத்தவர் யார் என்பதையும் இந்தத் தாளில் எழுத வேண்டும். பெயர் எழுத மனம் வராவிட்டால், ‘திடீரென 60 நாள் இல்லாவிட்டால் பொறுப்பு யாருக்கு’ என்றாவது எழுதுங்கள்.

ஐந்தாம் தாள் ஆபத்துக் காலம். 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் 40 சதவீதமும் பள்ளி திறந்தபின் 35 சதவீதமும் கட்டணம் வாங்க அனுமதித்தபோது, கையில் மூன்று மாதச் சம்பளம் வைத்திருந்த பள்ளிகள் தாக்குப்பிடித்தன. அந்த மூன்று மாதத் தொகை வைப்புநிதியாகத் தனிக் கணக்கில் இருக்கட்டும், எடுக்கக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் சொல்லிக்கொடுத்தபடி: சேர்க்கைப் பதிவேடு, டி.சி. அடிக்கட்டை, சர்வீஸ் ரெஜிஸ்டர் எதுவும் தரைத்தளத்தில் இருக்கக் கூடாது. ஸ்கேன் நகல் இரண்டு இடத்தில். ஜெனரேட்டரும் மின் பேனலும் 2015இல் உங்கள் தெருவில் நின்ற நீர்மட்டத்துக்கு மேல்.

இந்த ஐந்து தாளும் ஐந்து தாளாகவே இருக்கட்டும். ஒவ்வொரு செப்டம்பர் கூட்டத்தின் ‘ஒரு பெரிய கேள்வி’ இதுதான்: போன ஆண்டு எழுதிய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் என்ன வித்தியாசம், ஏன்? தவறிய எண்ணை அழித்து எழுதாதீர்கள்; பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள்.

பொறுப்பு கைமாறும்போது கொடுக்க வேண்டிய பெட்டியில் மூலப் பத்திரம், தீர்மான நோட்டுகள், நிலப் பட்டா, சான்றிதழ் கோப்பு, ஐந்து தாள்கள், நிலுவை வழக்குகளின் பட்டியல் இருக்கும். ஆனால் முதல் வாரத்திலேயே கழுத்தைப் பிடிப்பது வேறு: எமிஸ், யூடைஸ் (அரசின் பள்ளித் தரவுத் தளங்கள்), பி.எஃப்., வருமான வரித் தளங்களின் ஓ.டி.பி. எந்த மொபைல் எண்ணுக்குப் போகிறது என்பது. பல பள்ளிகளில் அது நான்கு வருடம் முன்பு வேலையை விட்டுப் போன கிளார்க்கின் எண்ணாக இருக்கும். பள்ளிப் பெயரில் ஒரு சிம் வாங்கி, எல்லாத் தளத்திலும் அதற்கு மாற்றி, அந்த போனை அலுவலகப் பீரோவில் வையுங்கள். சாவி இரண்டு பேரிடம். ரீசார்ஜ் தேதியைச் சான்றிதழ்ப் பலகையின் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.